துள்ளும் படகு: எடை, கோணம், அடிப்பகுதி

கேமரன் மலையில் விசைப்படகு ஓட்ட இடமில்லை. இங்குள்ள கியா பார்ம் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. இங்கே சுற்றிலும் ஓடுவதெல்லாம் ஓடைகள். மலையில் பெரிய நீர்நிலை என்றால் ரிங்லெட் அருகே, பெர்த்தாம் ஆற்றை மறித்து 1960களில் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரிதான். அது மின்சாரத்துக்காகத் தேக்கிய நீர். காய்கறித் தோட்டங்களுக்காக மழித்த சரிவுகளிலிருந்து ஆண்டுக்காண்டு இறங்கிய மண், அந்த ஏரியின் பெரும்பகுதியைத் தூர்த்துவிட்டது. ஆகவே இங்கே தூண்டில் ஆசை பிடித்தவர்கள் கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கி, ஈப்போ, கோலகங்சார் தாண்டி, கெரிக்கை அடுத்த தெமெங்கோர் ஏரிக்குப் போகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி அது. தோமான், செபாராவ் மீன்கள் கிடைக்கும் என்று சொல்லிப் போகிறவர்கள் பெரும்பாலும் 12 முதல் 16 அடி நீளமுள்ள அலுமினியம் அல்லது ஃபைபர் படகும், பின்னால் மாட்டிய 15 அல்லது 25 குதிரைத்திறன் என்ஜினும் வைத்திருப்பவர்கள். அவர்களில் பலரிடம் ஒரே புகார்தான்: மெதுவாகப் போகும்போது ஒன்றுமில்லை, வேகம் எடுத்தால் படகு துள்ளுகிறது.

இந்தத் துள்ளலுக்கு விடை தேடினால் ஆளுக்கொரு பொருளை வாங்கச் சொல்வார்கள். ஒருவர் என்ஜினில் துடுப்புத் தகடு பூட்டச் சொல்வார். இன்னொருவர் புரொப்பெல்லரை மாற்றச் சொல்வார். மூன்றாமவர் என்ஜின் சக்தி போதவில்லை, பெரிதாக வாங்கு என்பார். மூவரும் ஏதோ ஒரு படகில் அது பலித்ததைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு படகின் மருந்து இன்னொரு படகுக்கு ஏன் பலிக்கவில்லை என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. அந்தப் பதில் கப்பல் பொறியியலில் நெடுநாளாகவே இருக்கிறது. அதைச் சிறு படகுக்காரர்களின் கைக்கு எட்டும்படி எடுத்து வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தத் துள்ளலைப் பேசுகிறோம் என்று தெளிவாக வேண்டும். அலைமேல் மோதிப் படகு குதிப்பது வேறு. அங்கே குதிப்பின் தாளத்தை அலைதான் தீர்மானிக்கும், ஒரு குதிப்பு போல இன்னொன்று இருக்காது. இரண்டு பக்கமும் மாறிமாறிச் சாய்ந்து ஆடுவதும் வேறு. அதற்குக் காரணங்களும் வேறு. நாம் பேசுவது, கண்ணாடி போன்ற நீரில், காலை ஏழு மணிக்குக் காற்றே இல்லாத வேளையிலும் நடப்பது. படகின் முன்முனையான அணியம் எழும்பும், தொப்பென்று விழும், மறுபடி எழும்பும், ஒரே தாளம். என்ஜினைத் தளர்த்தாவிட்டால் ஒவ்வொரு குதிப்பும் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போய் ஓர் அளவில் நிற்கும். அலையே இல்லாத இடத்தில் படகு தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் ஆட்டம் இது.

வேகம் குறைவாக இருக்கும்போது படகு நீரைத் தள்ளி விலக்கிக்கொண்டு மிதக்கிறது. அதைத் தாங்குவது மிதப்பு விசை. 14 அடிப் படகு அப்படிப் போகக்கூடிய வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு: ஏறக்குறைய 5 நாட், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். அதற்கு மேல் முடுக்கினால் படகு தானே எழுப்பிய அலையின் முதுகில் ஏற வேண்டியிருக்கும். அணியம் வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் குழியில் உட்காரும். இன்னும் முடுக்கினால் அலையைக் கடந்து படகு நீரின் மேலே ஏறி வழுக்கத் தொடங்கும். அப்போது படகைத் தாங்குவது மிதப்பு அல்ல. அடிப்பகுதியில் வேகமாக வந்து மோதும் நீரின் அழுத்தம். அந்த அழுத்தம் படகின் முழு நீளத்திலும் பரவி நிற்காது. பின்பக்கம் நனைந்திருக்கும் ஒரு சிறு பரப்பில்தான் இருக்கும்.

சிக்கல் தொடங்குவது அந்தச் சிறு பரப்பில். அணியம் சற்று அதிகமாகத் தூக்கியிருந்தால் நனையும் நீளம் குறுகி, படகின் முழு எடையும் பின்பலகையை ஒட்டிய சில அடிகளில் உட்கார்ந்துவிடும். ஒரு சிறு அசைவில் படகு கொஞ்சம் எழும்பினால் நனையும் நீளம் மேலும் சுருங்கும். தாங்கும் விசை குறைந்து, அது நிற்கும் புள்ளியும் பின்னுக்கு நகரும். முன்பக்கத்தைத் தாங்க ஆளில்லாததால் அணியம் விழும். விழுந்ததும் நனையும் நீளம் திடீரென்று கூடி, அழுத்தம் முன்னுக்கு வந்து அணியத்தை மேலே எறியும். மேலும் கீழும் போகும் அசைவும், முன்னும் பின்னும் சாயும் அசைவும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. நனைந்த பரப்பு போதிய நீளம் இருந்தால் நீரே அந்த ஆட்டத்தை அடக்கிவிடும். குறுகிப்போனால் அடக்க முடியாது.

இதை முதலில் கணக்கிட வேண்டி வந்தவர்கள் படகுக்காரர்கள் அல்லர், நீர்விமானம் கட்டியவர்கள். நீரில் ஓடி மேலெழும் விமானங்கள் எழும்பும் முன்பே துள்ளித் துள்ளி உடைந்தன. பிரிட்டனில் பெரிங், கிளாவர்ட் என்ற இருவர் 1933இல் இந்த ஆட்டத்தின் கணக்கை எழுதினார்கள். அமெரிக்காவின் வெப் கல்விக்கூடத்தில் டே, ஹாக் என்ற இரு மாணவர்கள் 1952இல் சிறு மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்து, எந்த எடையில், எந்த வேகத்தில், எந்தச் சாய்வில் துள்ளல் தொடங்குகிறது என்று வரைந்தார்கள். நியூ ஜெர்சியில் ஸ்டீவன்ஸ் கல்வி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேனியல் சவிட்ஸ்கி 1964இல் வெளியிட்ட கட்டுரை அந்த முடிவுகளையும் சேர்த்துக்கொண்டது. வேகப் படகு வடிவமைப்பவர்கள் இன்றைக்கும் கையில் எடுக்கும் கட்டுரை அது.

அந்த ஆய்வுகள் சொல்வதைச் சுருக்கினால்: ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு எல்லைச் சாய்வு உண்டு. படகின் அடிப்பகுதி நீர்மட்டத்தோடு ஆக்கும் கோணம் அந்த எல்லைக்குள் இருந்தால் அமைதி, தாண்டினால் துள்ளல். வேகம் கூடக் கூட அந்த எல்லை இறங்கிக்கொண்டே வரும். அதனால்தான் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒழுங்காகப் போன படகு 38இல் ஆடுகிறது. அடிப்பகுதி 'வி' வடிவில் ஆழமாக இருந்தால் எல்லை கொஞ்சம் உயரும். தட்டையான அடி கொண்ட படகுக்கு எல்லை தாழ்வு. நம்மிடையே அதிகம் விற்கும் இலேசான அலுமினியப் படகுகள் தட்டை அடி கொண்டவை. அவை துள்ளுவதில் வியப்பில்லை.

இதே ஆட்டத்தை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். 2022இல் ஃபார்முலா 1 கார்களின் விதிகளை மாற்றி, காரின் அடியில் ஓடும் காற்று அதைத் தரையோடு உறிஞ்சும்படி வடிவமைக்க அனுமதித்தபோது, நேர்பாதையில் கார்கள் குதிக்கத் தொடங்கின. ஓட்டுநர்களின் முதுகு தாங்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் பெல்ஜியம் பந்தயம் முதல் குதிப்புக்கு ஓர் உச்ச அளவு விதிக்க வேண்டியதாயிற்று. செப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஓடிய கார்களிடம் இந்த நோய் இல்லை. காற்றானாலும் நீரானாலும், தாங்கும் விசை உயரத்தையும் கோணத்தையும் பொறுத்து மாறுகிற இடத்தில் எல்லாம் இந்த ஆட்டம் ஒளிந்திருக்கிறது.

நம் கடலோரங்களில்

ஓலே எவின்ருட் அமெரிக்காவில் கழற்றி மாட்டும் என்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1909இல். தமிழர் வாழும் கரைகளுக்கு அது பெருமளவில் வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாட்டுக் கரையில் அதை மாட்டியது கட்டுமரத்திலும் வள்ளத்திலும். நீண்டு ஒடுங்கிய உடல், எட்டோ பத்தோ குதிரைத்திறன், வலையும் ஆளும் படகின் நீளம் முழுக்கப் பரவிய பாரம். இப்படிப்பட்ட படகு நீர்மேல் ஏறி வழுக்குவதே அரிது. வழுக்காத படகுக்குத் துள்ளல் நோய் வராது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் 1970களின் இறுதியிலும் 80களிலும் ஒட்டுப்பலகைப் படகு கட்டும் முயற்சிகள் நடந்தபோதும், 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவற்றை முன்னெடுத்தபோதும், கவலையெல்லாம் அலை உடையும் கரையில் இறங்கி ஏறுவதைப் பற்றியும் எரிபொருளைப் பற்றியும்தான். சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்துக்காக நார்வேப் படகு வடிவமைப்பாளர் ஓய்வின் குல்பிராண்ட்சன் 1986இல் சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி எழுதினார். நீளமான படகு, சிறிய என்ஜின், அடக்கமான வேகம் என்பதே அவர் சொன்ன வழி. அந்த வழியில் போனவர்கள் துள்ளல் என்ற சொல்லையே பயன்படுத்த நேர்ந்திருக்காது.

இலங்கையின் நிலை வேறு. அங்கே சிறு மீன்பிடியின் முதுகெலும்பு 18 அடி அளவிலான ஃபைபர் படகு. போர்க் காலத்தில் வடக்கில் என்ஜின் திறனுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. அவை நீங்கியபின் அதே அளவுப் படகில் 15, 25 என்று மாட்ட முடிந்தது. குட்டையான, இலேசான உடலில் கூடுதல் சக்தி: நீர்மேல் ஏறும், வழுக்கும், மீன் ஏற்றாமல் வெறும் படகாகத் திரும்பும்போது துள்ளவும் செய்யும். தெமெங்கோருக்கு நாம் கொண்டுபோகும் படகு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, கட்டுமரத்தின் குடும்பத்தை அல்ல. ஆகவே பத்து குதிரைத்திறனில் காலங்கழித்த நாகப்பட்டினத்துப் பெரியவரின் அனுபவம் நம் படகுக்கு அப்படியே பொருந்தாது. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ கடலுக்குப் போகிறவரின் அனுபவம் பொருந்தும்.

இன்னொன்றும் அந்தக் கரைகளிலிருந்து கற்க வேண்டியிருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஆயிரக்கணக்கான ஃபைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றில் பல தரமற்றவை என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமே எச்சரித்தது. மெல்லிய அடியுள்ள படகு கரையில் நிற்கும்போது நேராகவே இருக்கும். வேகத்தில் நீர் அழுத்தும்போது அடி உள்ளே நெளியும், வெளியே புடைக்கும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் குற்றமே தெரியாத படகு நீரில் துள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம். படகுக்குள் வெறுங்காலுடன் நின்று ஓட்டினால் தளத்தின் நெளிவைப் பாதம் உணர்ந்துவிடும்.

காசில்லாத மருந்து முதலில்

துள்ளும் படகைக் கையில் எடுத்தவர் முதலில் செய்ய வேண்டியது எதையும் வாங்காமல் இருப்பது. இரண்டு காரியங்களுக்குப் பணம் தேவையில்லை: என்ஜினின் கோணம், பாரத்தின் இடம்.

என்ஜினைப் பின்பலகையில் பிடித்திருக்கும் கவ்வியில் நாலைந்து துளைகளும் ஒரு குறுக்குக் கம்பியும் இருக்கும். கம்பி எந்தத் துளையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து என்ஜினின் கால் படகை நோக்கி உள்ளே வரும், அல்லது வெளியே போகும். கால் உள்ளே வந்தால் புரொப்பெல்லரின் உந்தல் பின்பக்கத்தைத் தூக்கி, அணியத்தைத் தாழ்த்தும். வெளியே போனால் அணியத்தை உயர்த்தும். துள்ளுகிற படகில் கம்பியைப் படகுக்கு ஒரு துளை நெருக்கமாக மாற்றுவது முதல் மருந்து. பொத்தானை அழுத்திக் கோணம் மாற்றும் வசதி உள்ள பெரிய என்ஜின் என்றால் ஓடும்போதே செய்யலாம். பழைய என்ஜின்களில் அந்தக் கம்பி துருப்பிடித்து முதலாளி வாங்கிய நாளில் இருந்த துளையிலேயே கிடக்கும். அதை யாரும் தொட்டதே இல்லை என்பது தெரியாமல் நூற்றுக்கணக்கான ரிங்கிட் செலவு செய்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பாரம். நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான், ஏனென்றால் சிறு படகில் இதன் விளைவு நம்ப முடியாத அளவுக்குப் பெரியது. ஒரு கணக்கைப் பார்ப்போம். 14 அடிப் படகு, அதாவது 4.27 மீட்டர். உடல் 110 கிலோ, அதன் நடுப்பாரம் பின்பலகையிலிருந்து 1.8 மீட்டரில். என்ஜின் 50 கிலோ, பின்பலகைக்கு 15 சென்டிமீட்டர் வெளியே தொங்குகிறது. கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிறவர் 75 கிலோ. பின் இருக்கையில், 0.6 மீட்டரில். 24 லிட்டர் பெட்ரோல் டாங்கி நிரம்பினால் ஏறக்குறைய 22 கிலோ, அவர் காலடியில், 0.4 மீட்டரில். பேட்டரி 18 கிலோ, மூலையில், 0.3 மீட்டரில். மொத்தம் 275 கிலோ. எல்லாவற்றின் நடுப்பாரம் பின்பலகையிலிருந்து 0.91 மீட்டரில் வந்து நிற்கிறது. 4.27 மீட்டர் படகின் எடை முழுக்கக் கடைசி ஒரு மீட்டருக்குள் குவிந்ததற்குச் சமம்.

இப்போது டாங்கியை 3.2 மீட்டருக்கும் பேட்டரியை 3.0 மீட்டருக்கும் கொண்டுபோவோம். கைப்பிடியில் நீட்டிப்புக் குழாய் ஒன்றைச் செருகி, ஓட்டுபவர் நடு இருக்கைக்கு, 1.4 மீட்டருக்கு நகரட்டும். வேறு எதையும் மாற்றவில்லை. நடுப்பாரம் 1.53 மீட்டருக்கு வருகிறது. இரண்டடிக்கும் மேலாக முன்னேறிவிட்டது. செலவு, நீளமான எரிபொருள் குழாயும் பேட்டரி வயரும் குழாய்த் துண்டும் மட்டும். வயரும் எரிபொருள் குழாயும் காலில் சிக்காதபடி ஓரமாக இறுக்கிக் கட்ட வேண்டும். டாங்கி நகராமல் பட்டை போட்டுப் பிணைக்க வேண்டும்.

மூன்று பேர் ஏறினால் அமைதியாக ஓடும் படகு, தனியாளாகப் போகும்போது ஏன் துள்ளுகிறது என்ற கேள்விக்கும் இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. கூட்டாளிகள் முன்னால் உட்கார்ந்து அணியத்தைத் தாழ்த்துகிறார்கள். அவர்கள் வராத நாளில் அந்த எடைக்கு ஈடு தேவை. 20 லிட்டர் தண்ணீர் கேனை முன்னால் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. துள்ளல் நின்றால் பாரமே காரணம் என்று தெரிந்துவிடும், பிறகு நிரந்தரமாக எதை நகர்த்துவது என்று யோசிக்கலாம்.

சென்ற இருபதாண்டுகளில் துள்ளல் புகார் பெருகியதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தக் கணக்கில் தெரியாமல் இருக்கிறது. 15 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் 36 கிலோ அளவில் இருந்தது. அதே திறனில் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் 50 கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. சத்தம் குறைவு, புகை குறைவு, பெட்ரோல் மிச்சம், எல்லாம் உண்மை. ஆனால் பழைய என்ஜினுக்காக வடிவமைத்த படகின் பின்பலகையில் பதினைந்து கிலோ கூடுதலாகத் தொங்குகிறது. "என்ஜின் புதுசு, அதனால படகு நல்லா ஓடணும்" என்று எதிர்பார்ப்பது இயல்பு. என்ஜின் மாற்றிய அன்றே பாரத்தையும் மாற்றி அடுக்க வேண்டும் என்பதை விற்கிறவர் சொல்வதில்லை.

இன்னொரு மறைந்த பாரம் நீர். நம் நாட்டு மழையில் ஒரு மாதம் திறந்து கிடந்த படகின் தளத்துக்குக் கீழே எவ்வளவு நீர் தேங்கியிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அணியம் எழுந்தவுடன் அந்த நீர் முழுக்கப் பின்னால் ஓடும், விழுந்தவுடன் முன்னால் ஓடும். ஆட்டத்துக்குத் தாளம் போடும். வடிகால் அடைப்பைக் கழற்றி, அணியத்தை உயர்த்தி நிறுத்தி, முழுக்க வடிய விடவேண்டும். வடிந்த பிறகும் படகு பழைய எடைக்கு வரவில்லை என்றால், தளத்துக்கடியில் அடைத்த நுரை நீர் குடித்திருக்கிறது, அல்லது பின்பலகைக்குள் இருக்கும் ஒட்டுப்பலகை ஊறியிருக்கிறது. காய்கறி எடை போடும் பெரிய தராசு வைத்திருக்கும் ஊரில் படகை நிறுத்துப் பார்ப்பது கடினமில்லை.

அடிப்பகுதியைப் படித்தல்

கோணமும் பாரமும் சரியான பிறகும் துள்ளினால் படகைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நேரான அலுமினியக் குழாய் ஒன்று போதும். பின்பலகையிலிருந்து முன்னோக்கி ஐந்தடி நீளத்துக்கு, நடுக்கோட்டின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கலாம். அந்தக் கடைசி ஐந்தடிதான் வேகத்தில் படகைத் தாங்குகிறது. அங்கே அடிப்பகுதி நேராக இருக்க வேண்டும்.

குழாயின் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடி உட்குழிந்திருக்கிறது. பின்முனை கீழே வளைந்து அணியத்தைத் தாழ்த்தும். அது துள்ளலைத் தடுக்கும், ஆனால் வேகத்தைத் தின்னும், வளைவில் அணியம் நீரைக் கடித்துப் படகை இழுக்கும். குழாயின் நடு தொட்டு இரு முனைகளும் எழும்பி நின்றால் அடி வெளிப்புறம் புடைத்திருக்கிறது. இதுதான் துள்ளலின் தாய். புடைத்த பரப்பின்மேல் ஓடும் நீர் பின்பலகையருகே மேல்நோக்கி வளைந்து பின்பக்கத்தைக் கீழே உறிஞ்சுகிறது, அணியம் மேலே போகிறது. சில மில்லிமீட்டர் புடைப்பே போதும்.

இப்படி வளைவதற்கு ஓடும் நேரத்தைவிட ஓடாத நேரமே காரணமாவது உண்டு. கியா பார்மிலிருந்து தெமெங்கோருக்குப் போய்வருவதில் படகு நீரில் இருக்கும் நேரத்தைவிட டிரெய்லரில் இருக்கும் நேரம் அதிகம். மலைப்பாதையின் வளைவுகளிலும் குழிகளிலும் என்ஜினின் எடை பின்பலகையை அடித்துக்கொண்டே வருகிறது. பின்பலகைக்கு நேர் கீழே தாங்கல் இல்லாத டிரெய்லர், படகின் பின்முனையைத் தொங்கவிட்டு வளைத்துவிடும். தாங்குகட்டை பின்பலகை வரைக்கும் நீண்டிருக்க வேண்டும். தொலைவுப் பயணத்தில் சிறிய என்ஜினைக் கழற்றி லோரியில் படுக்க வைத்துக் கொண்டுபோவதே மேல்.

என்ஜினின் உயரத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். புரொப்பெல்லருக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தகடு இருக்கிறது. பெரும்பாலான சிறு படகுகளில் அது படகின் அடியோடு சமமாகவோ ஓர் அங்குலம் ஏறியோ இறங்கியோ நிற்க வேண்டும். குட்டைக் கால் என்ஜினுக்கு 15 அங்குலப் பின்பலகை, நெட்டைக் காலுக்கு 20 அங்குலம். பழைய படகில் கிடைத்த என்ஜினை மாட்டியவர்களிடம் இந்தப் பொருத்தம் தவறியிருக்கும். கால் மிக ஆழமாக இறங்கியிருந்தால் உந்தல் கோடும் தாழ்ந்து அணியத்தைத் தூக்கும், நீர்ச்சிதறலும் இழுப்பும் கூடும்.

பணம் செலவாகும் இடம்

இவ்வளவும் பார்த்த பிறகே கடைக்குப் போக வேண்டும். புரொப்பெல்லர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இறக்கைகள் பின்னோக்கி அதிகம் சாய்ந்த வகை அணியத்தைத் தூக்கும். இலேசான தட்டைப் படகுக்கு அது வேண்டாம், சாய்வு குறைந்த சாதாரண அலுமினிய வகை போதும்.

கவ்விக்கும் பின்பலகைக்கும் நடுவே வைக்கும் ஆப்பு மலிவானது, பயன் பெரியது. கடைசித் துளைக்கு வந்த பிறகும் என்ஜின் கால் போதுமான அளவு உள்ளே வரவில்லை என்றால், தடித்த பக்கம் மேலே இருக்கும்படி மூன்று முதல் ஐந்து பாகை ஆப்பு வைத்தால் கால் இன்னும் உள்ளே வரும். பின்பலகை செங்குத்தாக நிற்கும் உள்ளூர்க் கட்டுமானப் படகுகளுக்கு இது அடிக்கடி தேவைப்படுகிறது. போல்ட்டின் நீளமும் மாற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

என்ஜினின் கிடைத் தகட்டில் பூட்டும் துடுப்புத் தகடுகள் பின்பக்கத்தைத் தூக்குகின்றன. படகு சீக்கிரம் நீர்மேல் ஏறும், குறைந்த வேகத்திலும் ஏறியே நிற்கும். துள்ளலும் பல படகுகளில் நிற்கிறது. அதனால்தான் இவை அதிகம் விற்கின்றன. பின்பலகையின் கீழ் விளிம்பில் இரண்டு பக்கமும் பூட்டும் சாய்வுத் தகடுகள் இதைவிட ஒழுங்கான தீர்வு. தூக்கும் விசை என்ஜின் காலில் இல்லாமல் படகின் உடலிலேயே விழுகிறது, இடவலச் சாய்வையும் அவற்றால் திருத்தலாம்.

இவற்றை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இவற்றை முதல் மருந்தாக விற்பதை எதிர்க்கிறேன். ஊறிப்போன பின்பலகையுள்ள படகில் துடுப்புத் தகடு பூட்டினால் துள்ளல் நிற்கலாம். பின்பலகையின் அழுகல் நிற்காது. துள்ளல் என்ற ஒரே அறிகுறியும் மறைந்துவிட்டதால், 50 கிலோ என்ஜின் ஒரு நாள் பலகையோடு பெயர்ந்து ஏரிக்குள் போகும்போதுதான் தெரியவரும். புடைத்த அடிக்கும், நெளியும் மெல்லிய அடிக்கும் இதே நியாயம். எல்லாம் சரியாக இருந்தும் படகின் பிறவி வடிவமே அப்படி என்று உறுதியான பிறகு தகடு பூட்டுவதில் தவறில்லை. அப்போது அது தன் வேலையைச் செய்கிறது, வேறொன்றை மறைக்கவில்லை.

பெரிய என்ஜின் வாங்கு என்ற அறிவுரையைப் பற்றி ஒரே வரி: எடை பின்னால் கூடும், வேகம் கூடும், எல்லைச் சாய்வு இறங்கும், மூன்றும் துள்ளலுக்கே துணை.

அளந்து பார்ப்பது

எந்த மாற்றமானாலும் பலித்ததா என்று எப்படி அறிவது? "இப்ப பரவாயில்ல" என்பது அளவு ஆகாது. துள்ளல் தொடங்கும் வேகத்தைக் கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அமைதியான நீர், அதே ஆட்கள், அதே அளவு பெட்ரோல். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும். மணிக்கு 28 கிலோமீட்டரில் தொடங்கிய துள்ளல் 35க்கு நகர்ந்தால் போகும் திசை சரி. உச்ச வேகத்திலும் வரவில்லை என்றால் முடிந்தது. இரண்டு மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால் எது பலித்தது என்பது என்றைக்கும் தெரியாது, அடுத்த படகுக்காரருக்குச் சொல்லவும் ஒன்றும் இருக்காது.

அணியத்தைத் தாழ்த்துவதிலும் அளவு உண்டு. கால் மிக உள்ளே வந்துவிட்டால் அணியம் நீரில் புதைந்து, கைப்பிடி கனத்து, சிறு திருப்பத்திலும் படகு சட்டென்று சுழலும். ஓட்டுபவரை வெளியே எறிந்துவிடக்கூடிய சுழற்சி அது. துள்ளல் நின்ற இடத்திலிருந்து ஒரு துளை வெளியே தள்ளிப் பார்த்து, நடுநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். சோதனை ஓட்டத்தில் என்ஜினை அணைக்கும் கயிற்றை மணிக்கட்டிலோ உயிர்காப்பு அங்கியிலோ மாட்டாமல் ஓட்டவே கூடாது. தெமெங்கோர் காட்டை மூழ்கடித்து உருவான ஏரி. பட்டுப்போன மரங்கள் நீருக்குள் நிற்கின்றன. அணியம் எழும்பி எழும்பி முன்பார்வையை மறைக்கும் படகில் அங்கே வேகமாகப் போவது, கண்ணைக் கட்டிக்கொண்டு போவதுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சங்கதியையும் சொல்ல வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 விழுக்காடு என்ஜின் சக்தி குறையும். கியா பார்மில் தண்ணீர் தோம்புக்குள் என்ஜினை ஓட்டிப் பார்த்து, "புகையுது, சத்தம் சரியில்ல" என்று கார்புரேட்டரைத் திருகி எரிபொருளைக் குறைத்துவிட்டு, ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிப் போனால் அங்கே காற்று அடர்த்தி. கலவையில் எரிபொருள் போதாமல் என்ஜின் சூடேறும். இரண்டு ஸ்ட்ரோக்காக இருந்தால் பிஸ்டன் இறுகிப்போகலாம். கலவையைத் திருத்துவதை ஏரிக்கரையில்தான் செய்ய வேண்டும். கோணம், பாரம், என்ஜின் உயரம், அடிப்பகுதி ஆகியவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், அவற்றுக்கு உயரம் ஒரு பொருட்டில்லை.

பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு: விற்பவரும் நண்பர்களும் முன்னால் உட்கார்ந்திருக்கச் சோதனை ஓட்டம் பார்க்காதீர்கள். அவர்களைக் கரையில் இறக்கிவிட்டு, டாங்கியை நிரப்பி, தனியாக ஓட்டிப் பாருங்கள். பின்பலகையில் ஏற்கெனவே தகடு பூட்டியிருந்தால் அதை ஏன் பூட்டினார் என்று கேளுங்கள். முடிந்தால் கழற்றி ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு என்ஜின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, பின்பலகை அதோடு சேர்ந்து அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் படகு வேண்டாம்.